ஜீசிப்புக்கும் காசா?

கேள்வி: வீட்டில் ஊறுகாய் போட்டு இணையத்தில் விற்கிறேன். தளம் வேகமாக வர ஒரு பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) போட்டேன். போன வாரம் எதையோ திருத்தினேன். அன்றிலிருந்து பக்கம் முழுக்கக் கிறுக்கெழுத்து. ஹோஸ்டிங்காரர், “சர்வர் தாங்கவில்லை, 8,000 ரூபாய் பிளானுக்கு மாறுங்கள்” என்கிறார். மாறலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள் அம்மா. சர்வர் தாங்காவிட்டால் தளம் நொண்டும், அல்லது 503 என்று பிழை எண் வரும். கிறுக்கெழுத்து வராது. ஜீசிப் என்பது பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. நீங்கள் பார்ப்பது அப்படிச் சுருக்கிய பக்கத்தை, பிரிக்காமல் அப்படியே. சுருக்கி அனுப்பினால் ‘கன்டென்ட்-என்கோடிங்: ஜீசிப்’ என்று ஹெடரில், அதாவது பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்பில், சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பிரௌசருக்கு எப்படித் தெரியும்?

திருத்தியது பழைய விண்டோஸ் நோட்பேடிலா? அதில் யூடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் சேமித்தால் ஃபைலின் தலையில் பிஓஎம் என்று மூன்று பைட் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. அந்த மூன்றும் வெளியே கிளம்பும்போதே ஹெடரும் கிளம்பிவிடும். அப்புறம் பிளகின் எதையும் அதில் சேர்க்க முடியாது. சர்வர் பிழைகளைக் குறித்துவைக்கும் எர்ரர் லாகில் ‘ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்’ என்று தேடுங்கள். பக்கத்திலேயே ஃபைல் பெயரும் வரி எண்ணும் இருக்கும். அதை பிஓஎம் இல்லாமல் சேமித்துப் பாருங்கள்.

இப்படி ஆளைப் பார்த்துப் பிளான் விற்பவர்களைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். காரணம் உண்டு. சில வருடம் முன்பு நானும் ஒரு இடத்தில் ‘வேகப் பேக்’ என்று 2,400 ரூபாய் கட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தால், எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் ஜீசிப்பை ‘ஆன்’ செய்த ஒரே ஒரு வரி. ஜீசிப் இலவசம் சார்! அதன் வடிவத்தை விளக்கும் ஆவணம் 1996லேயே வந்துவிட்டது. குழாயைத் திறந்துவிட்டதற்குத் தண்ணீர் விலை வாங்கியிருக்கிறார்கள். ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன், எனக்கே காட்டிக்கொள்ள.

கேள்வி: ஜீசிப் போட்டுவிட்டோம் என்றார்கள். சர்வர் பதிலைக் காட்டும் கர்ல் கட்டளையில் பார்த்தேன், ‘கன்டென்ட்-என்கோடிங்’ வரியே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள்தானே?

பதில்: நீங்கள் கேட்கவே இல்லையே. ‘சுருக்கி அனுப்பலாம்’ என்று சொல்லும் ‘ஆக்செப்ட்-என்கோடிங்’ ஹெடரை அனுப்பினால்தான் சர்வர் சுருக்கும். கர்ல் அதைத் தானாக அனுப்பாது. ‘கம்ப்ரெஸ்டு’ ஆப்ஷனைச் சேர்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் சண்டைக்குப் போங்கள்.

கேள்வி: போட்டோக்களை ஜீசிப் செய்து தர 1,500 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: போட்டோ ஃபைலான ஜேபெக் ஏற்கெனவே சுருங்கியது. இன்னொரு முறை சுருக்கிப் பயனில்லை.

கேள்வி: எஞ்சின்எக்ஸில் ஜீசிப் ஆன். பக்கம் சுருங்குகிறது, அதன் அலங்காரத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைல் சுருங்காமல் அப்படியே வருகிறது.

பதில்: தானாகச் சுருக்குவது எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தை, மட்டும்தான். மற்றவற்றை ‘ஜீசிப் டைப்ஸ்’ வரியில் நீங்கள்தான் எழுத வேண்டும். இதற்கு யாருக்கும் காசு கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: ‘அன்லிமிடெட்’ என்றார்கள், மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். இரண்டாம் மாதமே தளத்தை நிறுத்திவிட்டார்கள். நிபந்தனைகளைப் படிக்கவில்லை.

பதில்: மூன்று வருடப் பணம் கட்ட நேரம் இருந்தது, ஒரு பக்கம் படிக்க இல்லையா? சரி, திட்டியாகிவிட்டது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். “வியாபாரத்துக்கு வாங்கியது” என்று எதிர்த்தரப்பு நழுவப் பார்க்கும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரும் நுகர்வோர்தான், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளைக்கு அந்த ‘அன்லிமிடெட்’ இருக்காது.