கிளாரினெட்டுல மேல் 'ச' வரலைன்னா அது கோளாறு இல்லை

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருந்து ஒரு அப்பா கேட்டிருக்காரு. மகன் ஸ்கூல் பேண்டுல கிளாரினெட் வாசிக்கிறானாம், கீழ 'ச' பிடிச்சுக்கிட்டு பின்னால கட்டைவிரல் கீயை அழுத்துனா மேல் 'ச' வராம மேல் 'ப' வருதாம், கூட்டாளி பையன் சாக்ஸபோன்ல சரியா 'ச' வருதாம். டவுன்ல ஒரு ஏஜென்ட் "உள்ள போர் சரியில்லை, 400 ரிங்கிட் குடு, குடைஞ்சு தரேன்"ன்னு சொல்றானாம்.

ஐயா, குடுக்காதீங்க. உங்க மகன் கிளாரினெட் நல்லாத்தான் இருக்கு.

உள்ள இருக்கற ஓட்டைக்குத்தான் போர்னு பேரு. கிளாரினெட்டுல அது பெரும்பாலும் நேர் குழாய், சுமார் 15 மில்லிமீட்டர் அகலம். வாயில வச்சு ஊதுற மெல்லிசான பட்டை, அதான் ரீட், அது இருக்கற பக்கம் மூடின மாதிரி, அதனால அடி சத்தத்தோட மூணு மடங்கு, அஞ்சு மடங்குதான் பலமா எழும்பும், ரெண்டு மடங்கு எழும்பாது. ரெண்டு மடங்குன்னா மேல் 'ச', மூணு மடங்குன்னா மேல் 'ப'. சாக்ஸ் ஊசியா ஆரம்பிச்சு விரிஞ்சுக்கிட்டே போற கூம்பு, அதுல எல்லா மடங்கும் வரும். கோயில்ல வாசிக்கிற நாயனமும் கூம்புதான், அங்க சீவாளி இங்க ரீட், ஆனா தாவுறது மேல் 'ச'வுக்குத்தான். கிளாரினெட் கீழ கனமா இறங்குறதும் இந்த நேர் குழாயாலதான், கிட்டத்தட்ட அதே நீள சொப்ரானோ சாக்ஸ் அவ்வளவு கீழ போகாது.

"மரம்தான் சத்தம், பித்தளைன்னா சாக்ஸ் மாதிரி கேக்கும்"னும் சொல்வாங்க, நம்பாதீங்க. பித்தளையில செஞ்ச கிளாரினெட்டும் இருக்கு, நேர் குழாய்ங்கறதால கிளாரினெட் மாதிரித்தான் கேக்கும். ஹங்கேரில தாரோகாத்தோன்னு ஒண்ணு, முழுக்க மரம், அதுவும் ஒத்தை ரீட்தான், பாத்தா கிளாரினெட்டுன்னே நினைப்பீங்க, ஆனா உள்ள கூம்பு, அதனால தாவுறது மேல் 'ச'வுக்கு, குரலும் சாக்ஸ் பக்கம். இத ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா மரக் கதை சொல்லியே விலைய ஏத்திருவானுங்க, நம்ம ஊர் புழுக்கத்துல பள்ளிப் பையனுக்கு பிளாஸ்டிக்கே நல்லது, மரம் வெடிக்கும்.

குடையறது இன்னும் மோசம். எந்த இடத்துல எவ்வளவு அகலம்னு கம்பெனிக்காரன் அணு அணுவா பாத்து வச்சது, ஒரு தடவை சுரண்டிட்டா சுருதி கலைஞ்சு போயிரும், திருப்பி ஒட்ட வைக்க முடியாது. அப்படி சுரண்டினதை எத்தனையோ பேர் என்கிட்ட தூக்கிட்டு வந்திருக்காங்க, பாத்தா வயிறு எரியுது. ஸ்கூலுக்கு பேண்ட் செட்டு வாங்கி ஸ்டோர்ல பூட்டி வைக்க காசு இருக்கு, முதல் மாசமே "இது 'ப'வுக்குத்தான் தாவும்"னு பிள்ளைக்கு சொல்லித்தர ஆளை வைக்க மாட்டாங்க, அப்புறம் ஏஜென்ட்டுதான் வாத்தியார்.

கீழ ஸ்வரமே திணறுச்சுன்னாதான் கோளாறு, அதுவும் ஓட்டையை மூடுற மெத்தை, அதான் பேட், காத்து விடுறதுதான் பெரும்பாலும், பேட் மாத்துனா சரியாயிரும். அந்த ஏஜென்ட்கிட்ட கிளாரினெட்டை ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா இன்னைக்கே போய் வாங்கிட்டு வந்துருங்க.