கையெழுத்துப் போட்டுவிட்டேன், இனி அந்த டயர் கடையைக் கேட்கவே முடியாதா?

டெக்சஸ், ஃபிரிஸ்கோவில் இருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஆன்லைனில் 19 அங்குல வீல் நான்கு வாங்கி, உள்ளூர் கடையில் மாட்டக் கொடுத்தாராம். "வீலுக்குள் காற்றழுத்தத்தைப் பார்க்கும் பழைய சென்சார் இந்த ரிம்மில் உட்காராது, புதிது வாங்கினால் வீண் செலவு, லைட் ரெண்டு நாளில் தானாகவே அணைந்துவிடும்" என்று சொல்லி, சென்சார் இல்லாமலே மாட்டச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். இப்போது வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் டயர் பிரஷர் லைட் ஒரு நிமிடத்துக்கு மேல் மினுக்கிவிட்டு அப்படியே நின்று எரிகிறது. கடைக்காரர் கையெழுத்தைக் காட்டுகிறார், டீலரோ "வெளி வீல் போட்டதால் வாரண்டி போச்சு" என்கிறார். தான் செய்தது குற்றமா, யாரிடம் போவது என்பது அவர் கேள்வி.

முதலில் பயத்தை விடுங்கள். சட்டத்தை மீறியது நீங்கள் இல்லை. 49 யு.எஸ்.சி. 30122 என்ற மத்தியச் சட்டப் பிரிவு, கார் தயாரிப்பாளர், டீலர், ரிப்பேர் கடை போன்றவர்கள் வண்டியில் இருக்கும் பாதுகாப்புக் கருவியைத் தெரிந்தே செயலிழக்கச் செய்யக்கூடாது என்கிறது. சொந்தக்காரர் தன் வண்டியில் தானே செய்துகொள்வதை அது தொடுவதில்லை. டயர் பிரஷர் கண்காணிப்பு அந்தப் பாதுகாப்புக் கருவிகளில் ஒன்றுதான். ஃபயர்ஸ்டோன் டயர்கள் கிழிந்து ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர்கள் உருண்டு 200க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு, 2000இல் காங்கிரஸ் சட்டம் போட்டு, 2007 செப்டம்பர் முதல் தயாராகும் எல்லா சாதாரணக் கார்களிலும் இதைக் கட்டாயமாக்கினார்கள். ஏதோ விற்பனைக்காகச் சேர்த்த ஆடம்பரம் என்று கடைக்காரர் நினைத்தால் அது அவருடைய அறியாமை.

உங்கள் நிலைமையைப் பற்றியே மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான நிட்ஸா 2011இல் டயர் வியாபாரிகள் சங்கத்துக்கு எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறது. வண்டி கடைக்குள் வரும்போது சென்சார் ஏற்கெனவே செத்துப்போயிருந்தால், அதைக் கழற்றிவிட்டு சாதாரண ரப்பர் வால்வு போடுவது தப்பில்லை. வேலை செய்துகொண்டிருந்த சிஸ்டத்தோடு வந்த வண்டிக்கு, சென்சார் இல்லாத புது வீல் மாட்டி அனுப்பினால் அது மீறல். கடைக்கு இருந்த வழிகள் மூன்றே: பழைய சென்சார் பொருந்தினால் அதை மாற்றிப் போடுவது, புதுசு வாங்கவைத்து வண்டியோடு இணைத்துக் கொடுப்பது, இரண்டும் முடியாதென்றால் வேலையையே மறுப்பது. வாடிக்கையாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் பரவாயில்லை என்ற விதிவிலக்கு அந்தப் பிரிவில் கிடையாது. ஆகவே அந்தத் தாள் கடையை மத்தியச் சட்டத்தில் இருந்து காப்பாற்றாது.

ஆனால் இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பிரிவை வைத்து நீங்கள் நேரடியாக வழக்குப் போட முடியாது, அபராதம் போடுவது அரசின் வேலை. நிட்ஸா இணையதளத்தில் புகார் கொடுங்கள், கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதனால் உங்கள் பணம் திரும்பி வராது.

பணத்துக்கு வழி டெக்சஸ் சட்டத்தில் இருக்கிறது, ஏமாற்று வணிக முறைகளுக்கு எதிரான டி.டி.பி.ஏ. "லைட் தானாகவே அணைந்துவிடும்" என்றார்கள் பாருங்கள், உங்கள் கேஸின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. சென்சாரே இல்லாத வண்டியில் அந்த லைட் எப்படி அணையும்? அது பொய், அதை நம்பித்தான் நீங்கள் சம்மதித்தீர்கள். தெரிந்தே சொன்னார்கள் என்று நிரூபித்தால் பண இழப்பைப் போல மூன்று மடங்கு வரை கேட்கலாம். இந்தச் சட்ட உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமானால், எழுத்தில் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் உங்கள் பக்கம் ஒரு வக்கீலும் இருந்திருக்க வேண்டும். டயர் கடை கவுண்டரில் யார் வக்கீலோடு நிற்கிறார்கள்!

அதே சமயம், "சென்சார் வேண்டாம், காசு மிச்சம்" என்று நீங்களே முதலில் சொல்லியிருந்தால், அது டெக்ஸ்ட் மெசேஜிலும் இருந்தால், கேஸ் வெகுவாக இளைத்துவிடும். அடிப்படையில்லாமலோ கெட்ட எண்ணத்தோடோ போட்ட வழக்கு என்று நீதிபதி கருதினால் கடையின் வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

இந்த வாரமே வேறொரு கடைக்குப் போய், சென்சார் படிக்கும் கருவியை ஒவ்வொரு வால்வுப் பக்கமும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்கு வீலிலும் எதுவும் பதில் சொல்லவில்லை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய சென்சார் உண்மையிலேயே இந்த ரிம்மில் பொருந்தாதா என்றும் கேளுங்கள், பல வெளி ரிம்களில் அது உட்காரும். லைட் மினுக்குவதை வீடியோ எடுங்கள். காற்று மட்டும் குறைந்தால் எடுத்ததுமே நிலையாக எரியும், 60 முதல் 90 விநாடி மினுக்கிய பிறகு அணையாமல் நிலையாக எரிந்தால் சிஸ்டமே பழுது என்று பொருள். அப்புறம் சென்சார், இணைப்பு வேலை இரண்டுக்கும் சேர்த்து எஸ்டிமேட் வாங்கி, சான்றளித்த தபாலில் கடைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குக்கு 60 நாள் முன்பாக அது போயிருக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் சிறு வழக்குகளுக்கான ஜஸ்டிஸ் கோர்ட், 20,000 டாலர் வரை, நீங்களே வாதாடலாம். பொதுவாக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, அதுவரை ஆறப்போடாதீர்கள்.

டீலர் சொன்னது பாதி கூட உண்மையில்லை. 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் என்ற மத்திய வாரண்டிச் சட்டப்படி, வேறு கம்பெனி பாகம் போட்டார்கள் என்பதற்காக மட்டும் மொத்த வாரண்டியை ரத்து செய்ய முடியாது. அந்த வீலால்தான் இந்தப் பழுது வந்தது என்று காட்ட வேண்டும். டயர் லைட் பழுதை மறுக்கலாம், அது நியாயம். என்ஜினையோ ஏசியையோ மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் கேட்டதுமே பல டீலர்கள் இறங்கி வருவார்கள்.

டெக்சஸில் 2025 முதல் சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்பு இன்ஸ்பெக்ஷன் இல்லை, எமிஷன் சோதனையில் இந்த லைட்டைப் பார்ப்பதும் இல்லை, அதனால் ரெஜிஸ்ட்ரேஷன் நிற்காது. ஆனால் அந்த நிம்மதியில் இப்படியே ஓட்டாதீர்கள். எப்போதும் எரியும் லைட், டயரில் நிஜமாகவே காற்று இறங்கும்போது எதையும் சொல்லாது. நாளை டயர் வெடித்து யாருக்காவது அடிபட்டால், "எத்தனை மாதமாக அந்த லைட் எரிந்தது?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். டெக்சஸில் உங்கள் பங்குத் தவறு 50 சதவீதத்தைத் தாண்டினால் உங்களுக்கான நஷ்டஈடு ஒரு காசு கூட வராது. சரிசெய்யும் வரை வாரம் ஒருமுறை காலையில், டயர் சூடாவதற்கு முன், கேஜ் வைத்துப் பாருங்கள். டிரைவர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், டயர் சைஸ் மாறியிருந்தால் அதே அளவு பொருந்துமா என்று அந்த இரண்டாவது கடையில் கேளுங்கள். பழைய வீல்களை இப்போதைக்கு விற்காதீர்கள். அந்தச் சென்சார்கள் வேலை செய்துகொண்டிருந்தன என்பதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அவைதான்.