மாம்பழ லாரிக்கு எத்தனை கவுண்டியில் செஸ் கட்டுவது?

கென்யாவின் மக்குவேனி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி) மாம்பழம் வாங்கி மொம்பாசாவுக்கு அனுப்பும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வழிநெடுக லாரியை நிறுத்தி செஸ் (விளைபொருளுக்குக் கவுண்டி விதிக்கும் கட்டணம்) கேட்கிறார்கள், கவுண்டி ஆணையரிடம் மனு கொடுத்தும் பலனில்லை, வேறு யாரைப் பார்ப்பது?

முதலில், நீங்கள் தட்டிய கதவே வேறு. கவுண்டி ஆணையர் தேசிய அரசு நியமித்த அதிகாரி, செஸ் அவர் கையில் இல்லை. 2010 அரசமைப்பின்படி உருவாகி, 2013 தேர்தலுக்குப் பிறகு இயங்கத் தொடங்கிய 47 கவுண்டி அரசுகளுக்கும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஆளுநரும் (நியமனப் பதவி என்று நினைத்துவிடாதீர்கள்), வார்டு உறுப்பினர்கள் கொண்ட பேரவையும் உண்டு. கட்டணம் எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் அந்தப் பேரவை நிறைவேற்றும் நிதிச் சட்டம்தான் சொல்லும்.

சரி, அண்டைக் கவுண்டிகள் பேசிவைத்துக்கொள்ளக் கூடாதா? கூடும், கூட்டுக் குழு அமைக்க அரசமைப்பின் 189-வது பிரிவே இடம் தருகிறது. ஆனால் உங்கள் லாரி போகும் பாதையைப் பாருங்கள். ம்டிட்டோ அன்டெய் வரை மக்குவேனி, அது கிட்டுயி, மச்சாகோஸ் கவுண்டிகளோடு சேர்ந்த தென்கிழக்குப் பொருளாதாரக் கூட்டணி. அப்புறம் வரும் வோய், மக்கின்னன் ரோடு, மரியகானி எல்லாம் கரையோரத்தின் 6 கவுண்டிகள் சேர்ந்த ஜுமுயா கூட்டணி. இரண்டுக்கும் நடுவில்தான் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள், அதோடு எந்தக் கூட்டணிக்கும் தானாக வரி போடவோ நீக்கவோ அதிகாரம் கிடையாது, அந்தந்தப் பேரவைதான் செய்ய வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் அரசமைப்பின் 209(5) பிரிவு. கவுண்டி எல்லை தாண்டும் வணிகத்துக்கும் நாட்டுக்குள் சரக்குப் போக்குவரத்துக்கும் பாதகமாகக் கவுண்டிகள் வரி விதிக்கக் கூடாது என்கிறது அது. ஆனால் மொம்பாசாவின் கொங்கோவேயா சந்தையில் சரக்கு இறக்கும்போது கேட்கும் கட்டணம் வேறு, அங்கே இடம் தருகிறார்கள், அதைக் கட்டத்தான் வேண்டும். வெறுமனே கடந்து போகும் வண்டியிடம் கேட்பதைத்தான் நான் தவறு என்கிறேன்.

சரக்கு ஏற்றிய இடத்தில் கட்டிய ரசீதில் வண்டி எண், தேதி, எடை மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புங்கள். வழியில் யாராவது கேட்டால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்கச் சொல்லுங்கள், ரசீது இல்லாமல் ஒரு ஷில்லிங்கூடத் தர வேண்டாம். நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. செலவுக்குப் பணம் ஒதுக்கும் ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறிய 90 நாளுக்குள், கட்டணங்களைச் சொல்லும் நிதி மசோதாவும் நிறைவேறியாக வேண்டும், அதற்கு மக்கள் கருத்துக் கேட்பது கட்டாயம். அந்தச் சமயத்தில் நாலைந்து வியாபாரிகளாகச் சேர்ந்து, சேர்த்துவைத்த ரசீதுகளின் நகலோடு, வழியிலுள்ள ஒவ்வொரு பேரவையின் செயலாளருக்கும் மனு கொடுங்கள்.