அப்பா பாட்டுக் கேட்டு இங்கிலிஷ் படிக்கலாமா?

கேள்வி: நான் வாவியில் மீன் பிடிக்கிறவன், எனக்கு இங்கிலிஷ் வராது. மகன் அடுத்த வருசம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறான். அப்பாக்களைப் பற்றிய அமெரிக்க கன்ட்ரி (கிராமியப் பாணி) பாட்டுகளைக் கேட்டு இங்கிலிஷ் படிக்கிறேன் என்கிறான். விடலாமா?
— வாசகர், கல்லடி

பதில்: தாராளமாக விடுங்கள். கன்ட்ரி பாட்டில் கதை இருக்கும், சொல்லும் தெளிவாகக் காதில் விழும். ரொட்னி அட்கின்ஸ் 2006இல் பாடிய 'வாட்சிங் யூ'வில் தொடங்கட்டும். தகப்பன் செய்வதையெல்லாம் பார்த்து அப்படியே செய்கிற சின்னப் பொடியனின் கதை அது. 'ஐவ் பீன் வாட்சிங் யூ' என்று வரும் இடத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். 'ஐ வாட்ச்ட்' என்றால் பார்த்தேன், முடிந்தது, ஆனால் இதுவோ முன்பே தொடங்கி இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்பது. சரி, இனி உங்களைப் பற்றியே ஒரு வசனம் எழுதட்டும்: 'மை ஃபாதர் ஹேஸ் பீன் ஃபிஷிங் சின்ஸ் ஃபோர் ஓ'குளொக்.' விடிய நாலு மணிக்கு வலையோடு போனவர் இன்னும் தோணியில்தான் இருக்கிறார். பாட்டில் வரும் 'ஐவ்' என்பது 'ஐ ஹேவ்' என்பதன் சுருக்கம். 'ஐ'க்கு 'ஹேவ்', 'ஃபாதர்' என்றால் 'ஹேஸ்', அதை மறக்க வேண்டாம். இந்தப் பாட்டுகளில் 'இல்லை' என்பதற்குப் பேச்சு வழக்கில் சொல்லும் 'எய்ன்ட்' அடிக்கடி வரும், பேச்சுக்குச் சரி, பரீட்சைத் தாளில் வேண்டாம். அப்புறம், இங்கிலிஷ் வராது என்று நீங்கள் ஒதுங்க வேண்டாம், பக்கத்தில் இருந்து கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.