80-க்கு மேல் ஸ்டீயரிங் நடுக்கம்: அலைன்மென்ட் செய்தும் ஏன் போகவில்லை?

காரில் மணிக்கு 80 கி.மீ.-ல் தொடங்கி 110-ல் அடங்கும் நடுக்கம், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) செய்தும் போகவில்லை என்கிறீர்கள். அது பெரும்பாலும் வீல் பேலன்ஸிங் கோளாறு, அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லை. அலைன்மென்ட் சரியில்லை என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். இப்படி நடுங்குவது அபூர்வம். அலைன்மென்ட்டுக்குச் செய்த செலவு வேறு கோளாறுக்கானது.

முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். காய்ந்த சேறு அப்பியிருந்தாலோ, பேலன்ஸுக்காக ஒட்டியிருந்த சிறு எடை விழுந்து பசைத்தடம் மட்டும் இருந்தாலோ காரணம் அங்கேயே கிடைத்துவிடும். கழுவிவிட்டு நான்கு சக்கரத்தையும் பேலன்ஸ் செய்யச் சொல்லுங்கள். மெஷினில் சுற்றும்போது நீங்களும் பக்கத்தில் நின்று, ரிம் ஆடுகிறதா, டயர் மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா என்று கவனியுங்கள். ரிம் வளைந்திருந்தால் எத்தனை எடை ஒட்டினாலும் முழுசாகப் போகாது. டயர் பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் அதில் ஓட்டவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

அப்படியும் போகவில்லையா? முன் சக்கரங்களைப் பின்னால் மாற்றிப் போடுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு சீட்டுக்கு வந்தால் டயரோ ரிம்மோதான். இடம் மாறவே இல்லையென்றால் ஹப் (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி), பால் ஜாயின்ட் (சஸ்பென்ஷனின் உருண்டை மூட்டு), டை ராட் எண்டில் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கணும்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுக்கம் என்றால் பிரேக் டிஸ்க். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிரைவ் ஷாஃப்டின் (என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) உள்பக்க ஜாயின்ட். உங்களுக்கு இதில் எது?