பழைய யாரிஸுக்கு டிஜிட்டல் ரேடியோ: 280 பவுண் போடலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2008 டொயோட்டா யாரிஸ், பெட்ரோல் கார். லண்டனில் ஹாரோவிலிருந்து ஹீத்ரோவுக்கு வேலைக்குப் போகிறேன். போக வர தினம் ஒன்றரை மணி நேரம், ரேடியோதான் துணை. ஒஸ்லோவில் இருக்கும் மச்சான், "இங்க எஃப்எம் எல்லாம் நிப்பாட்டியாச்சு, உங்களுக்கும் நிப்பாட்டுவாங்கள்" என்கிறார். ஒரு கராஜில் டிஏபி, அதாவது டிஜிட்டல் ரேடியோ பூட்டித்தர, கூலியோடு 280 பவுண் கேட்கிறார்கள். கிரெடிட் கார்டில் போட்டு மாதம் 10 பவுணாகக் கட்டலாம் என்று நினைக்கிறேன். கார்டு வட்டி மாதத்துக்கு 2 சதவீதம். எனக்கு வேண்டியது கிரிக்கெட் வர்ணனையும் தமிழ் வானொலியும்தான். காரை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவேன். மாற்றலாமா?

பதில்: 280 பவுணுக்கு மாற்ற வேண்டாம். அதுவும் கார்டில் போட்டு, வேண்டவே வேண்டாம்.

முதலில் மச்சான் கிளப்பிய பயத்தைப் பார்த்துவிடலாம். அவர் சொன்னது அவருடைய நாட்டுக்குச் சரி. நோர்வேயில் 2017 ஜனவரியில் வடக்கே தொடங்கி, அந்த டிசம்பருக்குள் தேசிய நிலையங்களின் எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். சிறிய உள்ளூர் நிலையங்கள் மட்டும் எஃப்எம்மில் தொடர்ந்தன. சுவிஸில் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 கடைசியோடு எஃப்எம்மை விட்டது. பிரித்தானியாவின் கதை வேறு. அரசும் வானொலித் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் அறிக்கை 2021 அக்டோபரில் வந்தது. எஃப்எம் குறைந்தது 2030 வரையாவது தொடர வேண்டும் என்பதுதான் அதன் முடிவு. இரண்டு வருடத்தில் கழிக்கப்போகும் காருக்கு அந்தக் கவலை எதற்கு?

இங்கே உண்மையில் மறைந்துகொண்டிருப்பது எஃப்எம்முக்கு முந்திய பழைய அலைவரிசைகளான ஏஎம்மும் லாங் வேவும்தான். கிரிக்கெட் கேட்பவருக்கு அது தெரிந்திருக்கும். பிபிசியின் டெஸ்ட் போட்டி வர்ணனை 2023 ஆஷஸ் தொடரோடு லாங் வேவை விட்டுப் போய்விட்டது. இப்போது அது வரும் 5 ஸ்போர்ட்ஸ் எக்ஸ்ட்ரா, டிஜிட்டலில் மட்டும் இயங்கும் நிலையம். ஆகவே உங்கள் ஆசையில் பாதிக்கு நியாயம் இருக்கிறது: எஃப்எம்மில் எவ்வளவு திருகினாலும் அந்த வர்ணனை கிடைக்காது.

மற்றப் பாதி தமிழ் வானொலி. நீங்கள் கேட்பது எந்த நிலையம் என்று எழுதவில்லை. அது இணையத்தில் மட்டும் ஒலிபரப்பாகிறது என்றால், டிஏபி பெட்டி எத்தனை பவுணுக்கு வாங்கினாலும் அதில் வராது. காசைக் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் வயிறு எரியும். அந்த நிலையத்தின் தளத்திலேயே, லண்டனில் டிஏபியில் இருக்கிறோமா இல்லையா என்று போட்டிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 280 பவுணை இரண்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் 11 பவுண் 70 பென்ஸ் வரும். கைக்காசாகக் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு. நீங்கள் சொன்னபடி கார்டில் போட்டு மாதம் 10 பவுண் கட்டினால், முதல் மாதம் 5 பவுண் 60 பென்ஸ் வட்டிக்கே போய்விடும். கடன் தீர ஏறத்தாழ மூன்றரை வருடம் ஆகும், வட்டி மட்டும் 130 பவுணைத் தாண்டும். கார் போன பிறகும் ஒன்றரை வருடம் அதன் ரேடியோவுக்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். விற்கும்போது அந்தக் காசு திரும்பி வரும் என்றும் எண்ண வேண்டாம். அந்த வயதுக் காரை வாங்க வருபவர் எஞ்சினையும் எம்ஓடி, அதாவது வருடாந்தப் பாதுகாப்புச் சோதனைச் சான்று, எத்தனை மாதம் இருக்கிறது என்பதையும்தான் பார்ப்பார்.

எனக்குத் தெரிந்த மலிவான வழி உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கிறது. போனில் வர்ணனையும் வரும், இணையத் தமிழ் வானொலியும் வரும். 128 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 58 மெகாபைட் செலவாகும். வாரம் ஐந்து நாள், தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் மாதம் 2 ஜிபிக்குள் முடிந்துவிடும். இப்போதைய சிம் திட்டங்களில் இது பெரிய விஷயமே இல்லை. காரில் ஆக்ஸ் துளை, அதாவது போனை வயரால் ரேடியோவோடு இணைக்கும் துளை, இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் சில பவுணில் ஒரு வயர், அவ்வளவுதான். இல்லாவிட்டால் சிகரெட் லைட்டரில் செருகி எஃப்எம் வழியாகப் பாட வைக்கும் சின்னக் கருவி இருக்கிறது. ஆனால் லண்டனில் எஃப்எம் அலைவரிசை முழுக்க நெரிசல். காலியான இடம் கிடைக்காமல் கரகரக்கும், சொல்லிவிட்டேன்.

ஒன்றில் மட்டும் கவனம். 2022 மார்ச் 25 முதல் வண்டி ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தாலே குற்றம், பாட்டு மாற்றுவதற்காக எடுத்தாலும் சரி. 200 பவுண் அபராதம், லைசன்ஸில் 6 புள்ளி. லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு அந்த 6 புள்ளியே லைசன்ஸைப் பறித்துவிடும். போனை ஸ்டாண்டில் வைத்து, கிளம்பும் முன்பே நிலையத்தைப் போட்டுவிடுங்கள்.

போன் வேண்டாம், டிஏபிதான் வேண்டும் என்றால் கார் ரேடியோவைக் கழற்றாமல் சேர்க்கும் அடாப்டர் வாங்கலாம். என் கணக்கில் இந்தக் காருக்கு 60 பவுண் உச்சவரம்பு. அதுவும் கைக்காசு. இரண்டு வருடத்துக்கு மாதம் இரண்டரைப் பவுண், அது நியாயம். வாங்கும்போது டிஏபியின் புதிய வடிவமான டிஏபி பிளஸ் எடுக்குமா என்று கட்டாயம் கேளுங்கள். வர்த்தக நிலையங்கள் பல அதற்கு மாறிவிட்டன. பழைய டிஏபி பெட்டிகள் அதைப் பிடிக்காது, அதனால்தான் பாவித்த பெட்டிகள் அவ்வளவு மலிவு. முன் கண்ணாடியில் ஒட்டும் ஏரியலை அக்கறையாக ஒட்ட வேண்டும். எஃப்எம் சிக்னல் குறைந்தால் இரைச்சலோடாவது கேட்கும். டிஏபி அப்படியில்லை, குமிழி விட்டு ஒரேயடியாக நின்றுவிடும், பெரும்பாலும் விக்கெட் விழும் நேரத்தில்.

கராஜ்காரரை நான் குறை சொல்லவில்லை. உங்கள் யாரிஸில் ரேடியோவின் முகப்பு டாஷ்போர்டோடு சேர்ந்த வடிவம். புது ரேடியோவைப் பொருத்தத் தனியாக ஒரு சட்டகம், ஏரியல் இணைப்பு, ஸ்டியரிங் பொத்தான்களுக்கு இன்னொரு கருவி, அப்புறம் கூலி என்று 280 சீக்கிரம் சேர்ந்துவிடும். இன்னும் ஏழெட்டு வருடம் வைத்திருக்கும் காராக இருந்தால் நானே செய்யச் சொல்லியிருப்பேன்.

உங்கள் கார் 2008 பெட்ரோல் என்பதால், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு லண்டனில் வாங்கும் யூலெஸ் கட்டணம் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் நம்பரைப் போட்டு உறுதிசெய்யுங்கள். கட்டணம் ஒரு நாளைக்கு 12.50 பவுண், அதன் முன்னால் ரேடியோச் செலவு ஒன்றுமில்லை. 60 பவுண் அடாப்டர் வாங்கினாலும் மிச்சம் பிடிக்கும் 220 பவுணை அடுத்த எம்ஓடிக்கு ஒதுக்குங்கள். டயரோ பிரேக்கோ கேட்காமல் விடாது.

எல்லாம் கேட்ட பிறகும் முழு ரேடியோவையே மாற்றுவதாக முடிவெடுத்தால், பூட்டும் முன் இன்சூரன்ஸ் கம்பனிக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் பின்னால் கிளெய்ம் வரும்போது கேள்வி கேட்பார்கள்.