குட்டை உயரம், கனத்த உடம்பு: டேக்வாண்டோவா, ஜூடோவா?

ஜூடோதான். 5 அடி 3 அங்குலம், 82 கிலோ, டேக்வாண்டோ பழகிப் பார்த்துத் திணறினீர்கள், முகத்தில் அடி விழுமோ என்ற பயம் வேறு என்கிறீர்கள். ஜூடோவில் குத்தும் உதையும் கிடையாது.

டேக்வாண்டோவில் திணறியதற்கு எடையைவிட எட்டும் தூரம்தான் காரணமாக இருக்கும். கால் நீண்டவர் தள்ளி நின்றே தலைக்கு உதைத்துப் புள்ளி எடுத்துவிடுவார். ஜூடோவில் சட்டையைப் பிடித்து ஒட்டி நின்றுதான் ஆட்டமே. எதிராளியை முதுகில் ஏற்றித் தோளுக்கு மேலாக எறியும் செயோய் நாகே வீச்சுக்கு உங்கள் இடுப்பு எதிராளியின் இடுப்புக்குக் கீழே இறங்க வேண்டும். நெட்டையானவர்கள் முழங்காலை மடக்கி அவதிப்படும் அந்த இடத்தில் நீங்கள் சும்மா நின்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பணம் கட்டுமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். புதியவர்களுக்கு முதலில் உகெமி, அதாவது அடிபடாமல் விழும் முறை, சொல்லித்தருகிறார்களா? முதல் நாளே தூக்கி வீசுகிறார்கள் என்றால் வேறு இடம் தேடுங்கள்.

முழங்காலிலோ தோளிலோ பழைய காயம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் சேர வேண்டாம்.